கேடிக்குக் கிடைத்த கௌரவம்

ஆங்கிலேயர் ஆட்சியில், திருட்டையே ஜீவனமாகக் கொண்டவன் என்று போலீஸ் பதிவேட்டில் ஏறியவனை இரண்டே இங்கிலீஷ் எழுத்துக்களால் சுருக்கிக் குறித்துவந்த வழக்கத்திலிருந்து பிறந்தது 'கேடி' என்னும் சொல். கேடு என்ற தமிழ்ச் சொல் பக்கத்திலேயே இருந்தமையால், அதன் அந்நியப் பிறப்பை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருவனைப் பார்த்துச் சொன்னால் கைகலப்பில் முடியக்கூடிய அந்த வசையை, இன்று பாட்டிமார், மிட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சாதுவைப்போல் விழிக்கும் பேரனின் கன்னத்தைக் கிள்ளி, 'சரியான கேடி!' என்று கொஞ்சுவதற்குப் பிரயோகிக்கிறார்கள். 2006-இல் அது ஒரு திரைப்படத்தின் பெயராகவும் உயர்ந்துவிட்டது.

கஸ்மாலம் இறங்கி வந்த சொல். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர்க்களத்தில் சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனுடைய மனக்கலக்கத்தைக் கண்ணன் சுட்டும் அந்த ஸம்ஸ்கிருத பதத்துக்கு அழுக்கு என்றும் அர்த்தமுண்டு. அந்த அழுக்கு மட்டும் சென்னைத் தெருக்களில் ஒட்டிக்கொண்டு, உருது வழியாக வந்த பேமானி, பேஜார் முதலியவற்றோடு சகவாசம் செய்து, நல்ல காரமுள்ள வசையாக வாழ்ந்து, பிறகு சினிமா ஹாஸ்யக் காட்சிகளில் அடிக்கடி தலைகாட்டியதன் பயனாக, வையப்பட்டவனே சிரித்துவிடும்படி வீரியம் இழந்தது.

கொச்சைச் சொல்லுக்கு எதிரி இலக்கணப் பண்டிதர் என்பது பொதுவான அபிப்பிராயம். எனக்கு அதில் சம்மதமில்லை. அதன் உண்மையான எதிரி அதன் பிரபல்யமே. பெரியவர்களுக்கு அகப்படாத பாஷையொன்று வேண்டும் என்பதற்காக இளைஞர்கள் வைத்துக்கொண்ட சொல்லை அப்பாவும் ஆபீஸில் பேசத் தொடங்கி, சோப்பு விளம்பரமும் எடுத்துக்கொண்டுவிட்டால், மகன் அதைக் கைவிடுவான், அல்லது அர்த்தத்தைத் திருப்பிவிடுவான். வெறித்தனம் என்று கண்டிக்கப்பட்டது பாராட்டாக மாறியது அப்படித்தான்.

சலிப்பூட்டும் பேச்சுக்கு மட்டும் எத்தனை பெயர்கள்! முந்திய தலைமுறை அதை அறுவை என்றது, ரம்பம் என்றது, பிளேடு என்றது. அடுத்து வந்தவர்கள் கடி என்றார்கள். இவ்வளவு கூரிய ஆயுதங்களுக்கும் பின்னால், முனை மழுங்கியதைக் குறிக்கும் மொக்கை வந்து அமர்ந்தது வேடிக்கைதான். அதுவும் சும்மா இருக்கவில்லை: மொக்கை போடுவது வீண் அரட்டையாயிற்று, மொக்கை வாங்குவது நாலு பேர் நடுவே அசடு வழிவதாயிற்று. இப்போது கல்லூரி வாசல்களில் 'கிரிஞ்ச்' என்கிறார்கள். மொக்கை என்று சொல்லித் திரிந்தவர்களுக்குக் கல்யாணமாகிவிட்டது.