சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

மும்பைக்கு வந்து இருபது வருடம் லோக்கல் ரயிலில் தொங்கிய எனக்கு, சொந்தக் கார் ஆசை 2006 ஜனவரியில்தான் கைகூடியது. புதுக் காருக்கு வசதியில்லை. தாணேயில் ஒரு வியாபாரியிடம் மூன்று வயதான பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. ஒரே கை ஓட்டியது. முப்பதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. மற்ற இடங்களில் கேட்டதைவிட நாற்பதாயிரம் ரூபாய் குறைவு. கதவைத் திறந்ததும் குப்பென்று வாசனை அடித்தது. "என்னங்க இது, கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. அவள் மூக்கு சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாதம் ஹார்ன் அடிக்கவில்லை. அடுத்து, பின் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றது. பழைய கார் என்றால் அப்படித்தான் என்று செலவு செய்துகொண்டிருந்தேன். மார்ச்சில் குடும்பத்தோடு நாசிக் போய்த் திரும்பும்போது, கசாரா மலைப்பாதையில் இரவு ஒன்பது மணிக்கு முகப்பு விளக்குகள் இரண்டும் ஒரேயடியாக அணைந்தன. பின்னால் லாரி, பக்கத்தில் பள்ளம், உள்ளே இரண்டு குழந்தைகள். எப்படியோ ஓரங்கட்டினேன். கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று.

மறுநாள் தாராவியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் காரை விட்டேன். அவர் விளக்கைப் பார்க்கவேயில்லை. முன் சீட்டைக் கழற்றிக் கீழே விரிப்பைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல், விரற்கடை உயரத்துக்கு. "அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டில்லா!" என்றார்.

2005 ஜூலை 26 நமக்கெல்லாம் மறக்காது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று மூழ்கிய கார்களில் நான் வாங்கியதும் ஒன்று போலிருக்கிறது. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டுக் கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கணக்கெழுதிவிடும். மிஞ்சிய காரை வாங்குகிறவர் உடைத்தும் விற்கலாம். கழுவி, துடைத்து, வாசனை தெளித்து முழுசாகவும் விற்கலாம். 2015 டிசம்பரில் சென்னையிலும் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. ஆகவே மும்பைக் கார்தானே என்றோ, நம்ம ஊர்க் கார்தானே என்றோ நம்புவதற்கில்லை.

இரும்பைக் கழுவிவிடலாம். ஒயர்கள் சேருமிடங்களில் புகுந்த சேற்றுத் தண்ணீரைக் கழுவ முடியாது. செம்பில் களிம்பு ஏற மாதங்கள் ஆகும். அதனால்தான் ஓட்டிப் பார்க்கும் அன்று கார் ஒழுங்காக ஓடுகிறது. ஏர்பேக் உள்ள கார்களில் அதை இயக்கும் பெட்டி பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கிறது. ஒரு முறை மூழ்கிய பெட்டி விபத்து நேரத்தில் வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நெல்லைக்காரர் அன்று கற்றுக்கொடுத்த முதல் பாடம், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது. சீட் உறையைத் துவைப்பார்கள், விரிப்பை மாற்றுவார்கள். உருளைக்குள் சுற்றியிருக்கும் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். அடுத்து, டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைத் தடவ வேண்டும். பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே சும்மா உட்காருங்கள். ஈரச்சாக்கு நாற்றம் வாசனைத் திரவியத்தையும் மீறி வரும். மனைவியையும் அழைத்துப் போவது உத்தமம்!

மூழ்காத காரிலும் பார்க்க வேண்டியவை உண்டு. நீங்கள் வருவதற்கு முன் என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டால் தெரிந்துவிடும். நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. மீட்டர் முப்பதாயிரம் காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கதவு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இப்போது எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரம் கிடைக்கிறது. வங்கிக் கடன் இருந்தால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும்; பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏதோ நடந்திருக்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என் காரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வியாபாரி கைவிரித்துவிட்டார். மாதுங்காவில் ஒருவர், விஷயம் தெரியாமல், நல்ல விலைக்கே கேட்டார். அவருக்கும் சின்னக் குழந்தைகள். கசாரா இருட்டு நினைவுக்கு வந்தது. தலையில் கட்ட மனம் வரவில்லை. குர்லாவில் உடைக்கிறவர்களிடம் பாதிக்கும் குறைவான விலைக்குப் போட்டேன். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சென்ற ஆண்டு செம்பூர் நண்பர், மகனின் முதல் காரைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தார். பையனுக்குக் கார் பிடித்துவிட்டது. நான் பின் சீட்டில் ஏறி பெல்ட்டை இழுக்க ஆரம்பித்ததும், "அங்கிள், அதெல்லாம் எதுக்கு?" என்று நெளிந்தான். கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. காபி கொட்டிய கறை என்றார் விற்பவர். மற்ற மூன்று பெல்ட்டுகளையும் இழுத்தேன். நான்கிலும் ஒரே உயரத்தில் காபி கொட்டியிருந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். தெருமுனையில் ஆளுக்கொரு கட்டிங் சாய் குடித்துவிட்டு லோக்கலில் வீடு திரும்பினோம்.