என்ஜினை இறக்கு முன் தூக்க வேண்டும்!

"என்ஜினை இறக்க வேண்டியதுதான்!"

மோட்டார் பட்டறையில் இந்த வார்த்தையைக் கேட்டதும் பிக்கப் வண்டிக்காரரின் முகம் வாடிவிடும். வண்டி புகை தள்ளுகிறது. ஆயில் குடிக்கிறது. பாலத்து மேட்டைக் கண்டால் திணறுகிறது. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துபோன பழைய வண்டிக்கு வேறு வைத்தியம் இல்லை.

தஞ்சைத் தரணியில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் கோடை. சம்பா நெல் அறுவடையாகி, கொள்முதல் நிலையம் போய்ச் சேர்ந்திருக்கும். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் விதை, உரம், நாற்று என்று வண்டிக்கு ஓய்வே இராது. அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இந்த அவசரத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது!

பேச்சில் "இறக்குவது" என்கிறோம். உண்மையில் முதலில் தூக்க வேண்டும். சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் என்ஜினை மேலே தூக்கி, வெளியே கொண்டு வந்து, பிறகுதான் தரையில் இறக்க முடியும். பழைய டீசல் என்ஜின் ஒன்று சுமார் 200 கிலோ இருக்கும். 40 கிலோ நெல் சிப்பம் ஐந்தை ஒரே கட்டாகக் கட்டித் தொங்கவிட்டது போல!

மரக்கிளை வேண்டாம்

சாலையோர மரக்கிளையில் வடத்தைப் போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து என்ஜினைத் தூக்குவது பழைய வழக்கம். கிளை உளுத்திருப்பது வெளியே தெரியாது. ஒருவர் பிடி நழுவினாலும் போதும், சுமை கீழே வந்துவிடும்.

செயின் பிளாக் அப்படியல்ல. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தாமஸ் வெஸ்டன் என்பவர் கொண்டு வந்த சங்கிலிக் கப்பிதான் இதற்கு முன்னோடி. கைச் சங்கிலியைப் பல முழம் இழுத்தால் சுமை சில அங்குலமே உயரும். ஆகவே ஒரே ஆள் நிதானமாகத் தூக்கிவிடலாம். கையை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் சுமையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும்.

ஆனால் அதை மாட்டுகிற இரும்பு முக்காலி எங்கே நிற்கிறது? நம் வண்டல் மண்ணில் ஒரு கால் புதைந்தால் எல்லாமே சாய்ந்துவிடும். சிமெண்டுத் தரையே நல்லது.

வண்டியும் நகரக்கூடாது. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமையைச் சொல்ல வேண்டுமா? ஏறக்குறைய 300 டன் எடையுள்ள தேரையே சக்கரத்தடியில் கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தார் செய்து கொடுத்த பிரேக் வந்த பிறகும் கட்டைக்கு வேலை போகவில்லை. பிக்கப்பின் சக்கரங்களுக்கும் அப்படியே கட்டை கொடுக்க வேண்டும்.

எது முதலில்?

முதலில் பேட்டரி. அதிலும் வண்டியின் உடம்போடு சேர்ந்த கம்பியையே முதலில் கழற்ற வேண்டும். மற்றதில் கை வைத்தால், ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டதும் பொறி பறக்கும்!

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டுகிற புண்ணியவான்களும் உண்டு. அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாமா?

பிறகு ரேடியேட்டர், சைலன்சர் குழாய், டீசல் குழாய், ஒயர்கள் எல்லாம் கழலும். வீட்டில் அம்மா மளிகை டப்பாக்களில் சீட்டு ஒட்டி வைப்பது போல, ஒவ்வோர் ஒயரிலும் சீட்டுக் கட்டி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இராது.

கியர் பாக்ஸைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். என்ஜின் விலகியதும் அதன் முன்பக்கம் தொங்கிவிடும். அடியில் ஜாக்கி கொடுத்த பிறகே அந்தப் போல்ட்டுகளைத் தொட வேண்டும்.

என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் கடைசியில்தான். தூக்குவதற்கென்றே உள்ள இரும்புக் காதுகளில் சங்கிலியைக் கோத்து, அது விறைத்து எடையை வாங்கிய பிறகு அவற்றைக் கழற்ற வேண்டும். ஓர் அங்குலம் தூக்கி, நிறுத்திப் பார்க்க வேண்டும். வர மறுக்கிறதா? பலம் போதவில்லை என்று அர்த்தமல்ல. எங்கோ ஒரு போல்ட்டோ ஒயரோ மீதி இருக்கிறது!

"தம்பி, கீழே கை வைக்காதே!"

இந்தக் குரல் கேட்காத பட்டறை நல்ல பட்டறை அல்ல. விழுந்த ஸ்பேனரை எடுக்கத்தான் பையன் குனிவான். என்ஜின் தொங்கும்போது ஸ்பேனர் அங்கேயே கிடக்கட்டும்.

என்ஜின் மேலே வந்ததும் கட்டைகளை எடுத்து, வண்டியை மெல்லப் பின்னுக்குத் தள்ளுவார்கள். உடனே என்ஜினைத் தாழ இறக்கி, ஆயில் சட்டி நசுங்காதபடி மரக்கட்டைகள் மேல் உட்கார வைப்பார்கள். சங்கிலி தளர்ந்த பிறகுதான் மேஸ்திரி டீ சொல்லி அனுப்புவார்.