உறங்கும் காரை எழுப்பும் முன்

ஆசையோடு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், பணியிட மாற்றத்தாலோ குடும்பச் சூழலாலோ கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றுவிடுவதுண்டு. பின்னொரு நாள் புதிய பேட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உயிர்பெற மறுக்கிறது. உடனே ஸ்டார்ட்டர், காயில், பெட்ரோல் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றுவோர் பலர். சேமிப்பு கரைகிறது, குறை அப்படியே இருக்கிறது. நெடுநாள் நின்ற காரில் பெரும்பாலும் சிக்கலை உண்டாக்குபவை இரண்டு: இணைப்புகளில் படிந்த துரு, டேங்கில் கெட்டுப்போன பெட்ரோல். இவ்விரண்டையும் ஆராய்ந்த பின்னரே உதிரிபாகத்துக்குப் பணம் செலவிடுதல் நன்று.

முதலில் பாதுகாப்பு

காரைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொள்வோம். பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு, எலி கடித்த வயர்கள், வெடித்த ரப்பர்க் குழாய்கள், பெட்ரோல் கசிவு ஆகியவற்றைத் தேடுவோம். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது உயிருக்கே ஆபத்தானது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது இறுகியிருந்தால் ஸ்டார்ட்டரைக் கொண்டு வலிந்து சுழற்றலாகாது.

மின்சாரம்: அளந்து அறிதல்

இதற்குத் தேவையான கருவி ஒரு மல்டிமீட்டர் மட்டுமே. முழுதும் மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் அதில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்பது பொருள். பழைய பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லாதபடி பம்பின் இணைப்பை நீக்கிவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கினால், அளவு 10 வோல்ட்டை ஒட்டியாவது நிற்க வேண்டும். மிகவும் சரிந்தால் பேட்டரியை ஐயுறலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழல்கிறதா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோகப் பரப்பிலும் வைத்து மீண்டும் ஸ்டார்ட்டரை இயக்குவோம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் போதும். செலவு ஏதுமில்லை.

எர்த் பாதை எவ்வாறு அமைந்துள்ளது என்பது காருக்குக் கார் மாறுபடும். 1998-இல் அறிமுகமான நம் நாட்டுத் தயாரிப்பான சான் ஸ்டார்ம் காரின் உடற்கூடு ஃபைபர்கிளாஸால் ஆனது. இரும்பு உடற்கூடு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் பாதையாகப் பயன்படும். ஃபைபர்கிளாஸ் அவ்வாறு பயன்படாது. ஆகவே விளக்குகளுக்கு எர்த் வயர்கள் தேவை. அவற்றுள் ஒன்று துருப்பிடித்தாலும் விளக்கு மங்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும். பல்பை மாற்றி இதைத் தீர்க்க இயலாது.

பிரிட்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரில் வேறொரு எச்சரிக்கை தேவை. 1967 வரையிலான தயாரிப்புகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்துடன் இணைக்கப்பட்டது. இக்கால வழக்கப்படி நெகட்டிவை இணைத்தால் மின்கருவிகள் கெடக்கூடும். 1974 வரை இருக்கைகளுக்குப் பின்னால் இரு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று கெட்டாலும் கார் கிளம்பாது என்பதால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

எரிபொருள்: பழையதை நீக்குதல்

மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது பிசினாகப் படியும். இன்று 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே நாடெங்கும் புழக்கத்தில் உள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும், பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பி வெடிப்பதும் இதன் விளைவுகளே.

எனவே பழைய பெட்ரோலை முழுதும் இறக்கி, சிறிதளவைக் கண்ணாடிக் குடுவையில் பார்ப்போம். வார்னிஷ் வாடையும் அடியில் நீர்ப்படலமும் தென்பட்டால் டேங்கைக் கழுவியே ஆக வேண்டும். வடிகட்டியையும் குழாய்களையும் மாற்றுவது இங்குத் தவிர்க்கக்கூடாத செலவு. எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே கேட்டு வாங்குவோம். இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல் பணிமனையில் ஒப்படைப்போம்.

புதிய பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பியதும் பம்பின் ஓசையைக் கவனிப்போம். எம்ஜிபியின் பம்ப் டக்டக்கென ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். ஒலியே இல்லையெனில் மின்னிணைப்பையும் பம்பின் உள்தொடர்புகளையும் சோதிக்க வேண்டும். ஒலி ஓயாதிருந்தால் டேங்க் காலியாயிருக்கலாம், குழாய் காற்றை உறிஞ்சலாம், அல்லது எங்கோ கசியலாம். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பேட்டரி ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும். பிரேக்கையும் டயர்களையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் சாலைக்கு வரலாகாது.

ஆவணங்களும் உறங்கியிருக்கும்

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத கார்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 'விஏ' எழுத்துகள் கொண்ட தனிப்பதிவு பெறலாம். ஆனால் அவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது. பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிடும்போது இக்கட்டணங்களையும் சேர்த்துக்கொள்வோம்.