இரும்பும் அலுமினியமும் – 7: ஒடியும் போல்ட்

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. பினாங்குப் பாலம் திறந்ததும் அதே ஆண்டில்தான். அந்தத் தலைமுறைக் கார்களை அருமையாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஜார்ஜ்டவுனில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறைக்குப் போகும்போது அதிகம் பயப்படுவது பெரிய கோளாறுக்கு அல்ல. ஏதோ ஒரு சின்னப் போல்ட் பாதியில் ஒடிந்து, மீதி உள்ளேயே நின்றுவிடுமோ என்றுதான்.

மிட்சுபிஷி வடிவமைத்த அந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம், ஹெட்டில் இறங்கும் போல்ட் எஃகு. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதில் அலுமினியம்தான் அரிபடும். அரிபட்டது வெள்ளைப் பொடியாகி, முன்பிருந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடித்துக்கொண்டு மறைக்குள் இறுகிவிடும். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் இப்படித்தான் பிடித்துக்கொள்கின்றன. எல்லாரும் கடற்காற்றைக் குறை சொல்கிறார்கள். பாதிப் பழி ரேடியேட்டரில் ஊற்றிய குழாய்த் தண்ணீருக்குச் சேர வேண்டும். நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கூலண்டில் உறையாமல் தடுக்கும் சரக்கோடு அரிப்பைத் தடுக்கும் சரக்கும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகளின் கதை வேறு. அவை தினமும் கடுஞ்சூட்டில் வெந்து ஆறுகின்றன. துரு ஏறி உடம்பும் மெலிந்துபோகிறது.

கழற்றும்போது கை சொல்வதைக் கேட்க வேண்டும். விடப்போகிற போல்ட் ‘டக்’கென்று ஒரு சத்தம் கொடுத்து நகரும். ஒடியப்போகிற போல்ட் சத்தமே போடாது. ஸ்பேனர் ரப்பரை முறுக்குவதுபோல மெதுவாக, சுகமாக நகரும். அந்தச் சுகம் தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம் என்று கால் சுற்று, அரைச் சுற்றாக முன்னும் பின்னும் ஆட்டிக் கொண்டுவர வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுடாமல் அதைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சுட வேண்டும், துளை அகன்று கொடுக்கும். ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாய் பக்கத்தில் இல்லை என்று பார்த்த பிறகே நெருப்பைக் காட்டலாம். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், இன்ஜின் கலவை அதற்கும் முன்பே. இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது.

ஒடிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவில் வெல்டிங் வைத்து, ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். அந்த வெல்டிங் சூடே பாதிப் பிடிப்பை உடைத்துவிடும். துண்டு மட்டத்தோடு ஒடிந்திருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளைக்க வேண்டும். பல சமயம் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடும். அந்தத் துளையில் செருகித் துண்டைத் திருப்பி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை நான் கடைசியில்தான் வைப்பேன். அது கடினமான எஃகு, முறுக்கினால் உடையும். துளைக்குள் உடைந்துவிட்டால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது.

அப்போதும் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய பிறகு, மின்னணுத் தொழிற்சாலைகளை நம்பி அச்சும் டூலும் செய்யும் பட்டறைகள் பினாங்குத் தீவில் வளர்ந்தன. மின்பொறியால் உலோகத்தைத் துளித் துளியாக அரித்தெடுக்கும் இயந்திரம் அந்தத் தொழிலில் அன்றாடக் கருவி. உடைந்த எக்ஸ்ட்ராக்டரை, சுற்றியுள்ள மறைக்குச் சேதமில்லாமல் அது எடுத்துவிடும். கைப்பேசிக்கும் கணினிக்கும் பிறந்த திறமை ஒரு பழைய சாகாவையும் காப்பாற்றும் என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

போல்ட் ஒடிவது கழற்றுகிறவர் கையில். ஆனால் அது ஒடியும் என்று தீர்மானித்தது, சில வருடங்களுக்கு முன் அதை மாட்டிய கை. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஓர் அடி நீள ராட்செட்டின் நுனியில் மூன்றரைக் கிலோ தொங்கினாலே அந்த அளவு வந்துவிடும். முழுக்கையால் இழுப்பவர் அதை எப்போதோ தாண்டியிருப்பார். டார்க் ஸ்பேனர் வாங்கச் சொல்வது அதற்காகத்தான். மாட்டுவதற்கு முன் போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளையில் மறை வெட்டும் டேப்பைக் கையால் ஓட்டி, உள்ளே தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடைத்த துளையில் திரவம் நின்றால் போல்ட் இறங்கும்போது அலுமினியமே விரிசல் விடும். பிறகு மறையில் ஆன்டி-சீஸ் பசை மெல்லிசாக. பசை போட்டால் உராய்வு குறையும், அதனால் இறுக்கத்தையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இந்தப் பசை வேண்டாம். முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று என்.ஜி.கே. நிறுவனமே சொல்கிறது. பிளக்கை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்ற நேர்ந்தால் பழைய நட்டுகளைத் திரும்பப் போடாமல் பித்தளை நட்டு கேளுங்கள். பித்தளை எஃகு ஸ்டட்டோடு துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

அடுத்த வாரம் ஹெட் போல்ட்டுகள். அவற்றில் சில வகைகளை ஒருமுறை இறுக்கினால் மறுமுறை பயன்படுத்தக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.