புனித தேவசகாயம்: அரண்மனை உத்தியோகமும் அசையாத விசுவாசமும்

இந்தியாவில் பிறந்து கத்தோலிக்கத் திருச்சபையால் புனிதர் என்று அறிவிக்கப்பட்ட முதல் பொதுநிலையினர் தேவசகாயம். குருப்பட்டம் பெறாதவர், துறவு பூணாதவர், மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்த பத்துப் பேரில் அவரும் ஒருவர்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் வசதியான நாயர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். அந்நாளில் அந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது, தலைநகரம் பத்மநாபபுரம். அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலின் பொறுப்பில் தொடங்கிய அவருடைய பணி, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைச் சேவைக்கு உயர்ந்தது. கோயில் சொத்தானாலும் அரசாங்கப் பணமானாலும் அடுத்தவர் பொருளைக் காக்கும் வேலை அது. நம்பகமானவர் என்று பெயரெடுக்காத ஒருவரிடம் எந்த அரசனும் இப்படிப்பட்ட பொறுப்பை ஒப்படைக்கமாட்டான்.

1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் படை தோற்கடித்தது. அதில் பிடிபட்ட டி லனாய் என்ற கடற்படை அதிகாரி பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளிக்கும் தளபதியானார். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியவரும் அவரே. அவருடைய கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அரசுப் பணியில் நீலகண்டனுக்கு இவரோடு நட்பு ஏற்பட்டது.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் குடும்பம் அடுத்தடுத்து இழப்புகளைச் சந்தித்தது. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. மனமுடைந்திருந்த நண்பருக்கு டி லனாய் விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்கிறது வழிவழி வரலாறு. ஆடுமாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழந்தும் கடவுளைப் பழிக்காத மனிதனின் கதை அது. கையில் இருப்பவை தன்னுடையவை அல்ல, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவை என்ற எண்ணம்தான் யோபுவைத் தாங்கி நிறுத்தியது. பிறர் சொத்துக்குப் பொறுப்பாளராகவே பணிபுரிந்த நீலகண்டனுக்கு இந்தப் பாடம் சட்டென்று புரிந்ததில் வியப்பில்லை.

1745 மே 14 அன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புட்டாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. மனைவி பார்கவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

மதம் மாறியபின் அவர் உத்தியோகத்தை உதறிவிட்டு ஓடவில்லை. மாறியது மனிதர்களிடம் பழகும் விதம். தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களோடு சமமாக அமர்ந்தார், உணவு உண்டார். தீண்டாமை மட்டுமல்லாமல், இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்ற விதியும் நடப்பில் இருந்த நாட்டில் உயர்குடி அதிகாரி ஒருவர் இப்படி நடந்ததை அரண்மனையில் பலரால் சகிக்க முடியவில்லை.

1749இல் கைது செய்யப்பட்டார். அரச இரகசியங்களை வெளியாருக்குச் சொன்ன குற்றத்துக்காகவே அவர் தண்டிக்கப்பட்டார், மதம் அதற்குக் காரணமில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. திருச்சபை நடத்திய விசாரணையோ, விசுவாசத்தின்மேல் கொண்ட வெறுப்பே கொலைக்குக் காரணம் என்று முடிவு செய்தது. அவர் இறந்து ஐந்தாண்டுகள் நிறைவதற்குள், 1756இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இந்த மரணம் பதிவாகியிருப்பது திருச்சபைத் தரப்புக்கு வலுவான சான்று.

சிறையிருப்பு சுமார் மூன்றாண்டு. கைகளைப் பின்னால் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாளாமல் அவர் முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் ஊறியதாக மக்கள் நம்புகிறார்கள். அந்த இடத்துக்கு முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோதும் ஆறுதல் தேடி அவரிடம் ஆட்கள் வந்தார்கள். புதிய நம்பிக்கையைக் கைவிட்டால் பழைய பதவி காத்திருந்தது. அவர் அந்தப் பேரத்துக்கு இணங்கவில்லை.

1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாள் கழித்துக் கிடைத்த எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. ஞானப்பூ வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766இல் இறந்தார்.

பொறுப்பாளரின் கடமை பற்றிக் கிறிஸ்தவ மரபில் பழமையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 258இல் உரோமைத் திருச்சபையின் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த திருத்தொண்டர் லாரன்ஸ், செல்வங்களை ஒப்படைக்கும்படி அரசு அதிகாரி கேட்டபோது ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தி, இவர்களே திருச்சபையின் செல்வம் என்றாராம். ஒடுக்கப்பட்டவர்களோடு பந்தியில் அமர்ந்த தேவசகாயமும் அந்த வழியில் வந்தவர்தான். பொருளுக்குக் கணக்கு வைப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, மனிதர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது என்பதை இருவரும் நடந்து காட்டினார்கள்.

கேரளத்திலிருந்து உரோமை சென்ற கரியாட்டில், பாறேம்மாக்கல் ஆகிய குருக்கள் 1780இலேயே இவரைப் புனிதராக்கும்படி விண்ணப்பம் கொடுத்தார்கள். நெடுங்காலம் கிடப்பில் கிடந்த முயற்சி கோட்டாறு மறைமாவட்டத்தால் உயிர்பெற்றது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அப்போது பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம், புனிதர் பட்டத்தின்போது நீக்கப்பட்டுவிட்டது. சாதி வேலியைத் தாண்டியதற்காகத் துன்பப்பட்டவருக்கு அதுவே தகுந்த முடிவு. அவர் இறந்த ஜனவரி 14ஆம் நாளே அவருடைய திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.