வானத்துக்கு இரண்டு படங்கள்

நம் கடற்கரை ஊர்களில் மீன்பிடிக்கச் செல்பவர்கள், நீருக்குள் மறைந்திருக்கும் பாரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கரையிலுள்ள கோயில் கோபுரம், பின்னால் தெரியும் மலையின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று பார்ப்பார்கள். மலை அசையாது, கணக்கும் பிசகாது.

வான சாஸ்திரிகளுக்கும் அசையாத அடையாளம் வேண்டும். நட்சத்திரங்கள் மெல்ல இடம் மாறுகின்றன. குவேசார்களோ கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளவை. அவை நகர்வது நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் வானத்துக்கு இரண்டு படங்கள் உள்ளன. ஒன்று ஒளியால் எடுத்தது. மற்றொன்று ரேடியோ அலைகளால் எடுத்தது. ரேடியோ படத்தில் வடக்கு தெற்கைப் பூமியின் சுழற்சியே காட்டிவிடும். கிழக்கு மேற்கை எங்கிருந்து எண்ணுவது? பூமிக்குக் கிரீன்விச் இருப்பதுபோல் வானுக்கும் ஒரு தொடக்கம் வேண்டுமே! இரண்டு படங்களும் பொருந்தாவிட்டால், ரேடியோவில் முழங்குவது எந்தப் புள்ளி என்றே சொல்ல முடியாது.

இதற்கு உதவியது நம் சந்திரன்தான். சந்திரனின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது ஒளி வானியலாருக்குத் தெரியும். 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், 3சி 273 என்ற ரேடியோ மூலத்தைச் சந்திரன் மறைத்த நேரத்தைச் சிரில் ஹசார்டும் அவருடைய கூட்டாளிகளும் அளந்தார்கள். இடம் துல்லியமாகக் கிடைத்தது. அங்கே சாதாரண நட்சத்திரம்போல் ஒரு புள்ளி! அது சுமார் 200 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ளது என்று 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் கண்டார். பிற்பாடு ரேடியோ படத்தின் கிழக்கு மேற்குக் கணக்கை இந்தக் குவேசாரைக் கொண்டே பொருத்தினார்கள்.

இதே முறைக்காகவே கோவிந்த் ஸ்வரூப் உதகமண்டலத்தில் பெரிய ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார். 1970-ல் இயங்கத் தொடங்கிய அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அவர் இடம் தேடிய சாமர்த்தியத்தைப் பாருங்கள்! மலைச்சரிவின் சாய்வும் அவ்வூரின் அட்சரேகையும் 11 பாகையே. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே சந்திரனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

1998 முதல் உலகத்தார் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, குவேசார் முதலிய தொலைதூர மூலங்களையே வானத்தின் அளவுகோலாகக் கொண்டுள்ளனர். 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களை ஒளியிலே அளந்தது. இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பாலும் பொருந்துகின்றன. சிலவற்றில் மட்டும் ஒளிப்புள்ளியும் ரேடியோப் புள்ளியும் மயிரிழை விலகி நிற்கின்றன. அது அளந்தவர் பிழையன்று. குவேசார் பீறிட்டு அனுப்பும் தாரையில் ஒளி ஓரிடத்திலும் ரேடியோ அலை வேறிடத்திலும் பிரகாசிப்பதே காரணம் என்கிறார்கள்.