மனைத்தவம் செய்த தமக்கை

பண்ருட்டி என்றதும் பலாச்சுளை நினைவுக்கு வந்து நாவில் நீர் ஊறுகிறதா? தவறில்லை. ஆனால் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, பழத்தை வாங்கிக்கொண்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். ஊரை ஒட்டினாற்போல், கெடில நதிக் கரையில் திருவதிகை இருக்கிறது. துடைப்பம் ஏந்திய ஒரு பெண் துறவி வாழ்ந்த ஊர் அது.

துறவி என்றால் காவி உடை, கமண்டலம், இமயமலைக் குகை என்றுதானே எண்ணுகிறோம்? திலகவதியாரிடம் இவை ஒன்றும் இல்லை.

அருகிலுள்ள திருவாமூரில் பிறந்தவர் அவர். கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்கு அவரை மணம் பேசியிருந்தார்கள். மணம் நடக்குமுன் அவர் போருக்குப் போனார். இங்கே தந்தை இறந்தார். தாயும் உடன் மறைந்தார். அந்தத் துயரம் ஆறுமுன், கலிப்பகையார் போரில் மாண்ட செய்தியும் வந்தது. திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். தம்பி மருள்நீக்கியாரோ, "நீங்களும் போனால் உங்களுக்கு முன் நான் போவேன்" என்று காலில் விழுந்து கதறினார். தம்பிக்காக அவர் உயிரோடு இருந்தார், நகை துறந்தார், வீட்டிலேயே தவம் இருந்தார். சேக்கிழார் இதற்கு இட்ட பெயர் 'மனைத்தவம்'.

வளர்ந்த தம்பி சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் பெரும் புகழ் பெற்றார். தமக்கை திருவதிகை வந்து, விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூமாலை தொடுத்தார். பின்னர் சூலை நோயால் துடித்த தம்பி இரவோடு இரவாக ஓடிவந்தது அந்தத் தமக்கையிடம்தான். அவர் திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதல் பதிகம் பிறந்தது, திருநாவுக்கரசரும் பிறந்தார்! பிற்காலத்தில் அவர் கையில் உழவாரம் ஏந்தியதில் வியப்பென்ன? தமக்கையின் கையில் துடைப்பத்தைப் பார்த்தவர் அல்லவா?

இந்த வழி அத்துடன் நின்றுவிடவில்லை. அதே கடலூர் மாவட்டத்தில், வெள்ளை உடை உடுத்த வள்ளலார் 1867-ல் வடலூர் தருமசாலையில் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டினார். அது இன்றும் எரிகிறது.

63 நாயன்மார்களின் வரிசையில் தம்பிக்கு இடம் உண்டு, தமக்கைக்கு இல்லை. ஆகவே வாசகர்களே, திருவதிகைக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த பிறகு, காலடியில் உள்ள தரையையும் ஒரு நிமிஷம் பாருங்கள். திலகவதியார் பெருக்கி மெழுகிய இடம் அது!